ஃபிஃப்த் வீலா, ட்ராவல் ட்ரெய்லரா: முதலில் கதவோரத்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஆர்வி எனப்படும் நடமாடும் வீடுகளில், வண்டியால் இழுத்துப்போகும் இரண்டு வகைகளான ஃபிஃப்த் வீல் வாங்கலாமா, ட்ராவல் ட்ரெய்லர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், அவர்கள் பார்த்துவைத்திருக்கும் மாடல்களின் பெயரை நான் முதலில் கேட்பதில்லை. உங்கள் பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்து, வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று சொல்லும், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிற ஸ்டிக்கரைப் படித்தீர்களா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். சோபா எந்தப் பக்கம், பங்க் படுக்கை எத்தனை, சமையலறை மேடை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். அவையும் முக்கியம்தான், குடும்பம் இருக்கப்போகிற இடம் அது. ஆனால் முடிவில் பாதியை அந்த ஸ்டிக்கர் ஏற்கெனவே எடுத்துவிட்டது. மீதியை எடுப்பது நீங்கள் எங்கே போய் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பது. மாடல் பெயர் அதற்கெல்லாம் பிறகுதான்.

நாங்கள் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஐந்தாறு மாதம் கூட இருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நாலு இடம் பார்க்கப் போனால், இரண்டாம் நாளே ஹோட்டல் சாப்பாடு இருவருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகும், பயணம் முழுக்க எங்கே சோறு கிடைக்கும் என்கிற தேடலாகிவிடும். சொந்த அடுப்பும் சொந்தப் படுக்கையும் கூடவே வந்தால் என்ன என்கிற எண்ணத்தில்தான் நாங்கள் இதில் இறங்கினோம். எஞ்சின் சேர்ந்தே வருகிற மோட்டார் ஹோமை ஆரம்பத்திலேயே தள்ளிவைத்துவிட்டோம், இன்னொரு எஞ்சினைப் பராமரிக்க எங்களால் ஆகாது. ஆகவே இழுத்துக்கொண்டு போகிற இரண்டு வகை மட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ட்ராவல் ட்ரெய்லர் வண்டியின் பின்பக்கம் பம்பருக்குக் கீழே இருக்கும் பந்து ஹிட்ச்சில் மாட்டுவது. எஸ்யூவியாலும் இழுக்கலாம், பிக்கப்பாலும் இழுக்கலாம். ஃபிஃப்த் வீலின் முன்பகுதி பிக்கப்பின் சாமான் ஏற்றும் பெட்டுக்கு மேலே நீண்டு வந்து, அங்கே பொருத்தியிருக்கும் ஹிட்ச்சில் கிங்பின் என்கிற தடித்த கம்பியால் உட்காரும். பதினெட்டுச் சக்கர லாரிகளில் பார்ப்போமே, அதே முறை. ஆகவே திறந்த பெட் உள்ள பிக்கப் இல்லாமல் ஃபிஃப்த் வீலை நினைத்தே பார்க்க முடியாது. டொயோட்டா ஹைலாண்டரின் இழுவை உச்சபட்சம் 5,000 பவுண்டு, சியென்னாவுக்கு 3,500. நம்மவர்கள் வீட்டில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. இவற்றை வைத்துக்கொண்டு குடும்ப அளவிலான ட்ராவல் ட்ரெய்லருக்கே போக முடியாது என்பதால், ஆர்வி விலை என்று நாம் போடும் கணக்கில் பாதி பிக்கப்பின் விலையாக இருக்கும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எடை எங்கே உட்காருகிறது என்பதில் இருக்கிறது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை: பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும், அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி சொன்னபடி வரும். ட்ராவல் ட்ரெய்லரில் அந்த முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்துபோகும் காற்றுக்கே ட்ரெய்லரின் வால் ஆட ஆரம்பிக்கும், வேகம் கூடக்கூட அந்த ஆட்டமும் கூடும், கடைசியில் இழுக்கிற வண்டியையே அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஃபிஃப்த் வீலில் முன்பாரம் 15 முதல் 25 சதவீதம், பெரும்பாலும் 20-ஐ ஒட்டி. அதுவும் பம்பருக்குப் பின்னால் தொங்காமல் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் விழுகிறது. அதனால்தான் ஐ-35 நெடுஞ்சாலையில் காற்றடிக்கிற நாளில்கூட அது அவ்வளவாக ஆடாது. ட்ராவல் ட்ரெய்லரிலும் முன்பாரத்தை முன் அச்சுக்கும் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச், ஆட்டத்தை அடக்கும் கம்பிகள் என்று போட்டால் ஆட்டம் நன்றாகவே குறையும். ஆனாலும் சாலையில் எது நிம்மதி என்று மட்டும் கேட்டால் ஃபிஃப்த் வீல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நிம்மதிக்கான விலைதான் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 11,000, 13,000 பவுண்டு இழுவைத்திறனை மறந்துவிட்டு இதைப் பாருங்கள். எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 போன்ற, அரை டன் என்று வகைப்பெயர் சொல்லப்படும் பிக்கப்புகளில் வசதிகள் நிறைந்த குடும்ப மாடல் என்றால் இந்த எண் பெரும்பாலும் 1,500-இலிருந்து 2,000-க்குள் இருக்கும். கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படிக்கட்டு என்று ஏற ஏற பேலோட் இறங்கும். ஆகவே ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் நீங்கள் வாங்கப்போகிற அந்த வண்டியின் கதவையே திறந்து பார்க்கவேண்டும்.

1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், 550. ஹிட்ச் 100. பெட்டில் கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, அது ஒரு 100. மீதி 850. முன்பாரம் 13 சதவீதம் என்றால் 850 பவுண்டுக்கு ஈடான ட்ரெய்லரின் எடை சுமார் 6,500. அதுவும் வெறும் வண்டியின் எடையல்ல, எல்லாம் ஏற்றிய எடை. விளம்பரத்தில் 11,000 என்று போட்டிருந்த பிக்கப்புக்கு நிஜத்தில் கிடைப்பது இவ்வளவுதான். அப்பா அம்மாவையும் ஏற்றினால் இன்னும் இறங்கும். இதே பிக்கப்பில் ஃபிஃப்த் வீலை மாட்டினால்? அரை டன்னுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிற சிறிய ஃபிஃப்த் வீல்கூட எல்லாம் ஏற்றியபின் 9,000 பவுண்டு வந்துவிடும், அதில் 20 சதவீதம் 1,800. ஓட்டுநர் ஏறுவதற்கு முன்பே ஸ்டிக்கர் எண் தாண்டிவிட்டது. "அரை டன் டோவபிள்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அது உங்கள் குடும்பத்தை எடைபோட்டுச் சொன்ன சொல் அல்ல.

ட்ரெய்லரின் பக்கமும் இப்படி ஒரு எண் உண்டு. டீலர்கள் எடுத்தவுடன் சொல்வது ட்ரை வெயிட், அதாவது தண்ணீரும் சாமானும் இல்லாத எடை. அந்த எடையில் யாரும் பயணம் போவதில்லை. அமெரிக்கக் கேலன் ஒன்றுக்குத் தண்ணீர் 8.34 பவுண்டு, 50 கேலன் தொட்டி நிரம்பினால் 417 பவுண்டு. அப்புறம் பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், அரிசி, போர்வை. ஆகவே கணக்குக்கு எடுக்கவேண்டியது ஜிவிடபிள்யூஆர் என்கிற உச்சபட்ச எடையை. அதிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றக்கூடியது. சில மாடல்களில் இது ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆறு பேர் படுக்கலாம் என்று படுக்கை போட்டுவிட்டு ஆறு பேருக்கான சாமானுக்கு இடம் வைக்காத அந்த மாடல்களை, உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

சரி, ஃபிஃப்த் வீல்தான் வேண்டும் என்றால் அடுத்த பெரிய வகைகளான முக்கால் டன் அல்லது ஒரு டன் பிக்கப்புக்குப் போகவேண்டும். இங்கே டீசல் எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மலையேற்றத்துக்கு டீசல் நல்லது, இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பெரிய துணை. ஆனால் டீசல் எஞ்சின் கனம். முக்கால் டன் பிக்கப்புகளில் மொத்த எடையைப் பல நேரம் 10,000 பவுண்டுக்குள் நிறுத்திவிடுவதால், அந்தக் கனம் நேராகப் பேலோடிலிருந்து கழிகிறது. நிறைய இழுக்கும், கொஞ்சம்தான் சுமக்கும் என்ற நிலை. ஃபிஃப்த் வீலுக்குத் தேவை சுமப்பது. ஆகவே பெரிய ஃபிஃப்த் வீல் எடுக்கிறவர்கள் ஒரு டன்னுக்கே போய்விடுவது நல்லது. பெட் ஆறரை அடிக்கும் குறைவாக இருந்தால், கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்கண்ணாடியில் மோதாமலிருக்க நகரும் ஹிட்ச் போடவேண்டியிருக்கும், அதுவும் ஒரு செலவு.

ஓட்டுநர் உரிமத்தையும் பாருங்கள். டெக்சஸில் பிக்கப், ட்ரெய்லர் இரண்டின் எடைத்திறனும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, ட்ரெய்லர் 10,000-க்கு மேல் இருந்தால் கமர்ஷியல் அல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஒரு டன் பிக்கப்பும் பெரிய ஃபிஃப்த் வீலும் சேர்ந்தால் அந்த எல்லை எளிதாக வந்துவிடும். கலிஃபோர்னியாவில் கணக்கு வேறு. அங்கே 10,000-க்கு மேற்பட்ட ட்ராவல் ட்ரெய்லருக்கு ஏ வகுப்பு, ஆனால் ஃபிஃப்த் வீலாக இருந்தால் 15,000 வரை சாதாரண உரிமத்தில் ஒரு கூடுதல் அனுமதியே போதும்.

இவ்வளவு தெரிந்தும் ஷோரூமில் ஃபிஃப்த் வீலுக்குள் காலெடுத்து வைத்தால் மனசு அங்கேயே நின்றுவிடும். கூரை உயரம், ஸ்லைடு என்கிற, சுவரோடு வெளியே நீளும் பகுதிகள் இரண்டு மூன்றை வெளியே தள்ளியதும் வீட்டுக்கூடம்போல விரியும் இடம், தரைக்கு அடியில் சாமான் அடுக்க ஒரு முழு அறை, பொத்தானை அழுத்தினால் ஆறு கால்களும் இறங்கித் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் வசதி. ட்ராவல் ட்ரெய்லரில் இந்த மட்டம் பார்ப்பதைப் பெரும்பாலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து நாமே செய்யவேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்கள், வேலையை விட்டபின் நாடு சுற்றுகிறவர்கள் ஃபிஃப்த் வீலை எடுப்பதற்கு இதெல்லாம் நியாயமான காரணங்கள். மழை நாளில் ஆறு பேர் உள்ளே அடைந்து கிடக்கவேண்டி வந்தால் அந்த இடத்தின் அருமை தெரியும்.

எங்கள் வீட்டுக்கு அங்கே ஒரு தடை இருந்தது. ஃபிஃப்த் வீலில் படுக்கையறையும் பெரும்பாலும் குளியலறையும் அந்த உயர்ந்த மூக்குப் பகுதியில் இருக்கும், இரண்டு மூன்று படி ஏறித்தான் போகவேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. இரவில் இரண்டு முறையாவது எழுந்து பாத்ரூம் போகிறவர். குறுகலான படியில் அரைத் தூக்கத்தில் இறங்குவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. வாசல் படிகளும் ஃபிஃப்த் வீலில் அதிகம். ட்ராவல் ட்ரெய்லரில் உள்ளே ஏறிவிட்டால் ஒரே தளம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை, ஆனால் ஆர்வி ஒப்பீடுகளில் இதை அழுத்திச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. டீலரிடம் போகும்போது பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படுக்கையில் படுத்து எழச் சொல்லுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு கழிப்பறையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

சமையலறையையும் நம் கண்ணால் பார்க்கவேண்டும். இந்த வண்டிகளை வடிவமைப்பவர்கள் நினைத்திருப்பது பான்கேக்கும் காபியும். கடுகு தாளித்து, மிளகாய் வறுத்து, குக்கரில் பருப்பு வைத்தால் அந்தப் புகை எங்கே போகும் என்று பாருங்கள். அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி உள்ளேயே விடுகிறதா? அடுப்புக்கு எதிரே திறக்கிற ஜன்னல் உண்டா, கூரையில் விசிறி எத்தனை அடி தள்ளி? ஐந்து லிட்டர் குக்கரும் ஒரு வாணலியும் அருகருகே நிற்க முடியாத மூன்று பர்னர் அடுப்புகளைப் பார்த்தேன், ஆகவே இப்போது பாத்திரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டே போகிறேன். சில மாடல்களில் வெளிப்பக்கம் ஒரு சின்ன அடுப்பும் மேடையும் வரும். மீன் பொரிக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல வசதி கிடையாது.

டெக்சஸ் வெயிலில் ஏசி தனிக் கணக்கு. முகாம் இடத்தில் 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் 3,600 வாட், ஒரு ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே எல்லையைத் தொடும். 50 ஆம்ப் இணைப்பு இரண்டு வழியாக வருவதால் 12,000 வாட், இரண்டு ஏசியும் ஓடும். ஃபிஃப்த் வீல்களில் 50 ஆம்ப் பரவலாக இருக்கிறது, ட்ராவல் ட்ரெய்லரில் பெரிய மாடல்களில்தான். ஜூலையில் 30 அடி வண்டியை ஒற்றை ஏசியால் குளிரவைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது போகிற இடம். ஃபிஃப்த் வீலின் உயரம் 13 அடியை ஒட்டி இருக்கும், ட்ராவல் ட்ரெய்லர் 11 அடியை ஒட்டி. தாழ்ந்த மரக்கிளைகள் உள்ள பழைய முகாம் இடங்களில் இந்த இரண்டடி பெரிய வித்தியாசம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அப்பர் பைன்ஸ் முகாமில் ட்ரெய்லர் நீளம் 24 அடிக்குள் இருக்கவேண்டும். டெக்சஸின் பிக் பெண்ட் பூங்காவில் சீசோஸ் பேசின் சாலைக்கு 20 அடிக்கு மேற்பட்ட ட்ரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. டெக்சஸிலேயே இருக்கும் பாலோ டூரோ பூங்காவில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில் உயரமான நடுப்பகுதிக்கு 21 அடிக்கு மேற்பட்ட வண்டியே போகக்கூடாது. ட்ரெய்லரைக் கீழே விட்டுவிட்டுப் பிக்கப்பில் போகலாமே என்றால், நாலு கதவும் எட்டடி பெட்டும் உள்ள ஒரு டன் பிக்கப் தனியாகவே அந்த நீளத்தைத் தாண்டிவிடும். பெரிய ட்ரெய்லர் வாங்கியதால் பெரிய பிக்கப், பெரிய பிக்கப் வாங்கியதால் பார்க்கவேண்டிய சாலையே கிடைக்காமல் போவது! மாடல் எண்ணை வைத்து நீளத்தை முடிவு செய்யவும் கூடாது, பெயரில் 26 என்று இருக்கும் வண்டி ஹிட்ச்சிலிருந்து பின் பம்பர் வரை அளந்தால் 30 அடி இருக்கலாம்.

மாடல்களுக்கு வருவோம். அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஏர்ஸ்ட்ரீம், கீஸ்டோன், ஜேகோ மூன்றும் தோர் குழுமத்துக்குச் சொந்தம், ஃபாரஸ்ட் ரிவர் 2005-இலிருந்து பெர்க்ஷயர் ஹாத்வேயிடம், கிராண்ட் டிசைனை 2016-இல் வின்னபேகோ வாங்கியது. அடிச்சட்டத்தைப் பலர் லிப்பர்ட்டிடம் வாங்குகிறார்கள், ஏசி டொமெட்டிக் அல்லது கோல்மன், ஹீட்டர் பல வண்டிகளில் சபர்பன். ஃபாரஸ்ட் ரிவரின் ராக்வுட், ஃப்ளாக்ஸ்டாஃப் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வண்டிதான், வேறு வேறு டீலர்களுக்காகப் பெயர் வேறு. ஆகவே பெயர்ப்பலகையை வைத்துச் சண்டை போடுவதைவிடச் சுவர் எப்படிக் கட்டியிருக்கிறது, கூரை என்ன என்று பார்ப்பது பலன் தரும். ஜே ஃப்ளைட், சேலம் போன்ற மாடல்கள் மரச்சட்டமும் நெளி அலுமினியத் தகடும். கனம் கூடுதல், விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஜே ஃபெதர், இமேஜின், கூகர், ராக்வுட் அல்ட்ரா லைட் ஆகியவை ஃபைபர்கிளாஸ் ஒட்டிய சுவர். பார்க்க அழகு, ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்தால் ஒட்டு விட்டு அலை அலையாக உப்பிவிடும், அதைச் சரிசெய்வது பெருஞ்செலவு. ஃபிஃப்த் வீலில் மொன்டானா, சாலிட்யூட் இரண்டும் நீண்டநாள் தங்குகிறவர்களுக்கானவை. ரிஃப்ளெக்ஷன், கூகர் இரண்டு வகையிலும் வருவதால் ஒரே தரத்தில் இரண்டையும் அருகருகே ஒப்பிட அவைதான் வசதி.

பழையதும் பார்க்கலாம். 2021-இல் 6,00,240 ஆர்விகள் ஆலைகளிலிருந்து போயின, 2023-இல் அது 3,13,174 ஆகச் சுருங்கியது. கொரோனா காலத்தில் அவசரமாக வாங்கியவர்கள் இப்போது விற்கிறார்கள். அந்த வருடத்து வண்டிகளை ஆலைகளும் அவசரமாகத்தான் கட்டின என்பதை மனதில் வைத்துப் பார்க்கவேண்டும். கூரை மூலைகள், ஸ்லைடின் அடிப்பலகை, ஜன்னலுக்குக் கீழ்ச்சுவர் மூன்றையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்தாறு வருடம் ஆன டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். ஆர்வி பரிசோதகர்களுக்கான சங்கமான என்ஆர்விஐஏவின் சான்று பெற்ற பரிசோதகரை வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பணம் கட்டும் முன் பரிசோதனைக்கு விட மறுத்த டீலரிடமிருந்து நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம், நீங்களும் அதையே செய்யுங்கள்.

எங்கள் பட்டியலில் இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு ட்ராவல் ட்ரெய்லர்கள்தான், இமேஜின் ஒன்று, ராக்வுட் அல்ட்ரா லைட் ஒன்று, இரண்டும் 28 அடிக்குள். பிக்கப் முக்கால் டன், பெட்ரோல் எஞ்சின். அரை டன்னே போதும் என்று கணக்கு வந்தாலும் அப்பா அம்மா ஏறும் நாளைக்கும் சேர்த்து எடுக்கிறோம். ஃபிஃப்த் வீல் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகள் கல்லூரி போனபின் குளிர்காலம் முழுக்கத் தெற்கு டெக்சஸில் போய் உட்கார வாய்த்தால் அதைத்தான் எடுப்போம். இன்னும் முடிவாகாதது நிறுத்துமிடம். எங்கள் குடியிருப்பில் வாசலில் நிறுத்த விடமாட்டார்கள், ஆலங்கட்டி மழை பெய்கிற ஊரில் திறந்தவெளியில் விடவும் மனசில்லை. கூரை போட்ட இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது. பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம், இடம் கிடைத்ததும் வண்டியை எடுப்போம். எடுத்தபின் முதல் வேலை, குடும்பம், தண்ணீர், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்பிலிருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போவது.